திருவள்ளூர் 2008: ஒரு தட்டம்மை ஊசியின் பின்கதை

2008 ஏப்ரல் 23, புதன்கிழமை. தமிழ்நாட்டில் புதன்கிழமை என்றாலே தடுப்பூசி நாள். அன்றைக்குத் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்டுக்கொண்ட நான்கு கைக்குழந்தைகள் இறந்துபோயின.

அண்ணனூரும் இதே மாவட்டம்தான். இங்கே ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் திருவள்ளூர். இத்தனை வருஷம் கழித்தும் எங்கள் பக்கம் தடுப்பூசிப் பேச்சு வந்தால், "அப்போ ஊசி போட்டு நாலு குழந்தை செத்துச்சே" என்று யாராவது ஒருத்தர் ஆரம்பிப்பார்கள். பேச்சு அதோடு நின்றுவிடும். ஊசி என்றால் பயம், அவ்வளவுதான்.

அந்த வழக்கில் யார் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதுவது இந்தப் பதிவின் வேலை இல்லை. ஒரு ஊசி எந்தெந்த வழிகளில் தப்பாகப் போகலாம், அதில் எந்த வழிகளை நாம் அடைத்துவிட்டோம், எது இன்னும் திறந்தே கிடக்கிறது என்பதுதான் என் கேள்வி. அதற்குக் கொஞ்சம் பின்னால் போகணும்.

கண்ணாடி சிரிஞ்சு காலம்

தோலுக்கு அடியில் மருந்து செலுத்தும் ஊசி 1853-ல் வந்தது. எடின்பரோவில் அலெக்சாண்டர் வுட், பிரான்சின் லியோனில் சார்ல் பிரவாஸ் என்று இரண்டு பேர் பெயரையும் சொல்வார்கள். அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கும் மேலாக சிரிஞ்சு என்பது விலையுள்ள ஒரு சாமான். கண்ணாடியிலும் உலோகத்திலும் செய்தது. கழுவி, கொதிக்க வைத்து, மறுபடி பயன்படுத்த வேண்டியது. நாற்பது வயது தாண்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: டாக்டர் அறையின் ஓரத்தில் ஸ்டெரிலைசர் கொதித்துக்கொண்டே இருக்கும், கம்பவுண்டர் இடுக்கியால் ஊசியை எடுத்து மாட்டுவார்.

முறைப்படி கொதிக்க வைத்தால் அதில் பெரிய குறை இல்லை. கூட்டம் சேரும்போதுதான் சிக்கல். ஊசியை மட்டும் மாற்றிவிட்டு சிரிஞ்சை அப்படியே அடுத்தவருக்குப் பயன்படுத்துவது, ஸ்பிரிட்டில் ஒரு முக்கு முக்கி எடுப்பது என்று குறுக்குவழிகள் வந்துவிடும். இதன் விலை எவ்வளவு என்பதற்கு எகிப்து சாட்சி. அங்கே நத்தை மூலம் பரவும் ஒரு ஒட்டுண்ணி நோயை ஒழிக்க, 1950-களிலிருந்து 1980-கள் வரை மக்களுக்குத் தொடர்ச்சியாக ஊசி போட்டார்கள். நல்ல நோக்கம், அரசின் திட்டம். ஆனால் சரியாகச் சுத்தம் செய்யாத சிரிஞ்சுகள் வழியே ஹெபடைடிஸ் சி பரவியது. உலகிலேயே அந்த நோய் மிக அதிகமாக இருந்த நாடாக எகிப்து ஆனது.

இந்தியாவில் மனநிலையை மாற்றிய செய்தி சென்னையிலிருந்து வந்தது. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில் மாணவி நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் தெரியவந்தன. அதற்கப்புறம்தான் "புது ஊசியா? பாக்கெட்டை என் முன்னாடி பிரிங்க" என்று கேட்கும் பழக்கம் மெல்ல மெல்ல வந்தது. கண்ணாடி போய் பிளாஸ்டிக் வந்தது.

பிளாஸ்டிக் வந்ததும் பிரச்சினை தீர்ந்துவிட்டதா? இல்லை. ஒருமுறை மட்டும் என்று அச்சிட்டிருந்தாலும், அதைக் கழுவி இன்னொருமுறை போடுவதைத் தடுக்க அந்தச் சிரிஞ்சில் எதுவும் கிடையாது. 2003-04-ல் நாடு முழுக்க ஒரு ஆய்வு நடந்தது. வருஷத்துக்குச் சுமார் 300 கோடி ஊசிகள் இந்தியாவில் போடப்படுகின்றன, அவற்றில் 62.9 சதவீதம் ஏதோ ஒரு வகையில் பாதுகாப்பற்றவை என்று அது மதிப்பிட்டது. 2009-ல் குஜராத்தின் மோடாசாவில், திரும்பத் திரும்பப் பயன்படுத்திய ஊசிகளால் ஹெபடைடிஸ் பி பரவிப் பல பத்து உயிர்கள் போயின.

இதற்கு நம்ம பங்கும் உண்டு. "ஒரு ஊசி போட்டாத்தான் காய்ச்சல் விடும்" என்று நாமே கேட்டு வாங்குகிறோம். புதுச்சேரி ஜிப்மரில் மகாதேவன், சீனிவாசன் இருவரும் ஆங்கில ஆய்வாளர் எச்.வி. வயட்டோடு சேர்ந்து 1992-ல் எழுதிய கட்டுரை ஒன்று இருக்கிறது. போலியோ கிருமி உடலில் இருக்கும் நேரத்தில் காய்ச்சலுக்காகப் போட்ட தேவையில்லாத ஊசிகள் எப்படிக் குழந்தைகளை முடக்குவாதத்தில் தள்ளின என்பதுதான் அதன் பேச்சு. ஊசி சுத்தமாக இருந்தாலும் தேவையில்லாத ஊசி தேவையில்லாததுதான்.

தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சு

மறுபயன்பாட்டுக்கு ஒரு நல்ல தீர்வு கிடைத்தது. அதன் பெயர் ஏ.டி. சிரிஞ்சு. ஒருமுறை மருந்தை இழுத்து, ஒருமுறை அழுத்தினால் முடிந்தது. உள்ளே இருக்கும் சின்ன உலோகக் கிளிப் அல்லது பிளாஸ்டிக் பல் பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும். மறுபடி இழுக்க வராது. பலமாக இழுத்தால் உடையும். தடுப்பூசிக்கென்று வருவதில் 0.5 மி.லி.க்கு மேல் இழுக்கவும் முடியாது, அதனால் அளவுத் தப்பும் பெரும்பாலும் அடைபட்டது.

1999-ல் உலக சுகாதார நிறுவனமும், யுனிசெஃப்பும், ஐ.நா. மக்கள்தொகை நிதியமும் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டன. 2003 முடிவதற்குள் எல்லா நாடுகளும் தடுப்பூசிக்கு இந்த வகை சிரிஞ்சை மட்டும் பயன்படுத்த வேண்டும் என்றன. இந்தியாவின் தடுப்பூசித் திட்டம் 2005 வாக்கில் இதற்கு மாறியது.

எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், இது யாருடைய நல்ல மனசையும் நம்பி இல்லை. நர்ஸ் களைத்திருந்தாலும், ஸ்டாக் தீர்ந்திருந்தாலும், மேலதிகாரி அவசரப்படுத்தினாலும், பயன்படுத்திய சிரிஞ்சு இரண்டாவது குழந்தைக்கு வேலை செய்யாது. மயக்க மருந்து இயந்திரத்திலும் இதே தந்திரம் உண்டு. ஆக்சிஜன் சிலிண்டர் மாட்டும் இடத்தில் நைட்ரஸ் ஆக்சைடு சிலிண்டரை மாட்ட முடியாது, அங்கே இருக்கும் முளைகள் அதன் துளைகளுக்குப் பொருந்தாது.

ஆக, 2008 ஏப்ரலுக்கு முன்பே நம்ம தடுப்பூசித் திட்டத்தில் சிரிஞ்சுக்குப் பூட்டு போட்டாகிவிட்டது. பூட்டு போடாத இன்னொரு வேலை இருக்கிறது: மருந்தைக் கலக்குவது.

பொடியும் தண்ணீரும்

தட்டம்மைத் தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட வைரஸ். திரவமாக வைத்தால் சீக்கிரம் செத்துவிடும் என்பதால் உறையவைத்து உலர்த்திப் பொடியாக ஒரு குப்பியில் அடைக்கிறார்கள். கூடவே ஓர் ஆம்பூலில் சுத்திகரித்த தண்ணீர் வரும். இதைத்தான் செவிலியர்கள் டைல்யூயன்ட் என்பார்கள். முகாமில் உட்கார்ந்து, ஆம்பூலை உடைத்து, தண்ணீரை இழுத்து, பொடியில் கலக்க வேண்டும். இந்தியாவில் பழக்கமான ஐந்து டோஸ் குப்பி என்றால் 2.5 மி.லி. தண்ணீர், குழந்தைக்கு 0.5 மி.லி., வலது மேல்கையில் தோலுக்கு அடியில்.

இந்த ஒரு நிமிட வேலைக்குள் இரண்டு ஆபத்துகள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, நேரம். வைரஸ் உயிரோடு இருக்கணும் என்பதால் இந்த மருந்தில் கிருமிக்கொல்லி சேர்ப்பதில்லை. கலந்த பிறகு ஏதாவது பாக்டீரியா உள்ளே போனால், குப்பி அதற்கு நல்ல குடித்தனம். குறிப்பாக ஸ்டெஃபைலோகாக்கஸ். அது சுரக்கும் நஞ்சு சில மணி நேரத்திலேயே காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு என்று ஆரம்பித்துக் குழந்தையைக் கொல்லும். அதனால்தான் இந்தியாவில் கலந்த நேரத்தைக் குப்பியின் மேல் எழுதி, 4 மணி நேரம் ஆனதும் மிச்சத்தைக் கொட்டிவிடணும் என்பது விதி. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 6 மணி நேரம், நம்முடையது அதைவிடக் கண்டிப்பு. 2017-ல் தெற்கு சூடானின் கபோயட்டா பகுதியில் நடந்த முகாமில், கலக்குவதற்கு ஒரே சிரிஞ்சை நான்கு நாள் முழுக்கப் பயன்படுத்தினார்கள். மருந்தையும் குளிரில் வைக்கவில்லை. 15 குழந்தைகள் இறந்தன.

இரண்டாவது, ஆள்மாறாட்டம். தண்ணீர் ஆம்பூலுக்குப் பதிலாக வேறொரு ஆம்பூலை உடைத்துவிடுவது. எல்லாமே நிறமில்லாத திரவம். எல்லாமே சின்னக் கண்ணாடிக் குப்பி. எந்த ஊசியும் எந்த ஆம்பூலுக்குள்ளும் போகும். சிலிண்டருக்கு இருக்கும் முளை இதற்கு இல்லை.

ஒரே தப்பு, பல நாடுகள்

1997-ல் 70 கைக்குழந்தைகளுக்கு முத்தடுப்பு மருந்து என்று நினைத்து இன்சுலினைப் போட்டுவிட்டார்கள். 21 குழந்தைகள் இறந்தன. இரண்டு மருந்தும் ஒரே மாதிரிக் குப்பி, ஒரே ஃபிரிட்ஜ்.

2014 செப்டம்பரில் சிரியாவின் இட்லிப். போருக்கு நடுவே தட்டம்மை முகாம். டைல்யூயன்ட் இருக்க வேண்டிய இடத்தில் அட்ராகூரியம் கலந்து போயிருந்தது. அது ஆபரேஷன் தியேட்டரில் தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் மருந்து. செயற்கைச் சுவாசம் இல்லாமல் கொடுத்தால் மூச்சுத் தசையும் நின்றுவிடும். 15 குழந்தைகள்.

2018 ஜூலை 6, பசிபிக் தீவு நாடான சமோவா. சஃபோடு மருத்துவமனையில் இரண்டு குழந்தைகள், இரண்டும் ஒரு வயதுக் குழந்தைகள். பொடியோடு கலந்தது தண்ணீர் இல்லை, அங்கேயும் தசைத் தளர்வு மருந்துதான், அதுவும் காலாவதியானது. இரண்டு செவிலியர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 2019 ஆகஸ்டில் தலா 5 வருஷம் சிறை.

இப்படிப்பட்ட சாவுகளை விசாரிப்பவர்கள் முதலில் பார்ப்பது கடிகாரத்தை. ஊசி போட்ட சில நிமிடங்களில் குழந்தை துவண்டு மூச்சு நின்றால், தப்பான மருந்தா, கடுமையான ஒவ்வாமையா என்று பார்ப்பார்கள். பல மணி நேரம் கழித்துக் காய்ச்சலும் வாந்தியும் வந்தால் கிருமி நஞ்சின் மேல் சந்தேகம். இரண்டாவதாகப் பார்ப்பது இடத்தை. தொழிற்சாலையில் தயாரிப்பே கெட்டிருந்தால், அந்த பேட்ச் போன எல்லா ஊர்களிலும் குழந்தைகளுக்கு ஏதாவது ஆகணும். ஒரே நாள், ஒரே வட்டாரம் என்று சாவுகள் குவிந்தால், கலக்கியதிலும் எடுத்துப்போனதிலும் வைத்திருந்ததிலும் முதலில் தேடுவார்கள். நம்ம ஐ.டி. வேலையில் ஒரே சர்வரில் மட்டும் எரர் வந்தால் கோடைக் குறை சொல்வதற்கு முன்னால் அந்த மெஷினைப் பார்ப்போமே, அதே லாஜிக்.

திருவள்ளூருக்குப் பிறகு

2008 சம்பவத்துக்குப் பிறகு தமிழ்நாடு அரசு எடுத்த முடிவு கடுமையானது. கிராமத்துக்கே போய், அங்கன்வாடியிலும் பள்ளிக்கூடத்திலும் உட்கார்ந்து ஊசி போடும் முகாம்களை நிறுத்தியது. இனி ஆரம்ப சுகாதார நிலையத்தில், அரசு மருத்துவமனையில், மருத்துவர் இருக்கும் இடத்தில்தான் தடுப்பூசி.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஏதாவது ஆனால் டாக்டர் பக்கத்தில் இருக்கிறாரே. ஆனால் மறுபக்கம் பாருங்கள். ஊருக்குள் வந்துகொண்டிருந்த நர்சம்மா இனி வரமாட்டார். ஊத்துக்கோட்டை, பள்ளிப்பட்டு பக்கத்துக் கிராமத்தில் ஒரு அம்மா ஒன்பது மாசக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அன்றைய கூலியை விட்டுவிட்டு, பஸ் பிடித்துப் போகணும். ஏற்கெனவே பயம் வேறு.

எண்கள் என்ன சொல்கின்றன? தேசிய குடும்ப நல ஆய்வின்படி, எல்லாத் தடுப்பூசியும் போட்டு முடித்த குழந்தைகள் தமிழ்நாட்டில் 1998-99-ல் 88.8 சதவீதம். 2005-06-ல் 80.9. 2015-16-ல் 69.7. அதற்கடுத்த 2019-21 ஆய்வில்தான் திரும்ப 89.2-க்கு ஏறியது. சரிவு 2008-க்கு முன்பே ஆரம்பித்துவிட்டது, அதனால் மொத்தப் பழியையும் இந்த ஒரு முடிவின் மேல் போட முடியாது. ஆனால் ஒரு காலத்தில் நாட்டுக்கே முன்னால் நின்ற மாநிலத்தில் பத்தில் மூன்று குழந்தைகள் விடுபட்டது சாதாரண விஷயம் இல்லை. 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா முகாம் வந்தபோது வாட்ஸ்அப் வதந்திகளால் தமிழ்நாட்டில் பெற்றோர் தயங்கினார்கள், முகாமை நீட்டிக்க வேண்டி வந்தது. பழைய பயம் உள்ளே கிடந்ததும் அந்த வதந்திகளுக்கு வசதியாகிப்போனது என்பது என் எண்ணம்.

சமோவாவில் இதே கதை இன்னும் கொடூரமாக முடிந்தது. இரண்டு குழந்தைகள் இறந்ததும் அரசு அந்தத் தடுப்பூசியையே மாதக்கணக்கில் நிறுத்தியது. 2018-ல் தட்டம்மை ஊசி போட்ட குழந்தைகள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனார்கள். 2019 கடைசியில் தட்டம்மை வந்தது. சுமார் இரண்டு லட்சம் பேர் இருக்கும் நாட்டில் 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

இரண்டு குழந்தைகளைக் கொன்றது தப்பான ஆம்பூல். எண்பத்து மூன்று பேர் இறந்ததில், அந்தத் தப்புக்குக் கொடுத்த பதிலுக்கும் பங்கு இருக்கிறது.

நர்சம்மாவின் கையில் இருப்பது

சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. அங்கே இருக்கும் கிராம சுகாதார செவிலியர் கர்ப்பிணிகளைப் பார்க்கணும், பதிவேடு எழுதணும், புதன்கிழமை வேக்சின் கேரியரைத் தூக்கிக்கொண்டு போகணும். குழந்தைகள் அழும் சத்தத்துக்கு நடுவே அவர் செய்ய வேண்டியதைப் பாருங்கள்.

லேபிளை மூன்று முறை படிக்கணும்: பெட்டியிலிருந்து எடுக்கும்போது, சிரிஞ்சில் இழுக்கும்போது, குப்பியை வைக்கும்போது. சரியான குழந்தையா, சரியான மருந்தா, சரியான அளவா, சரியான வழியா, சரியான நேரமா என்று பார்க்கணும். வழி என்பதிலேயே மூன்று வகை. பி.சி.ஜி. இடது மேல்கையில் தோலுக்குள்ளேயே போகணும், ஆழமாகப் போனால் சீழ்க்கட்டி. தட்டம்மை தோலுக்கு அடியில். பென்டாவேலன்ட் தொடையின் வெளிப்பக்கத் தசையில். குழந்தைக்குப் பின்பக்கத்தில் போட்டால் கால் நரம்பில் பட்டுவிடும் அபாயம் உண்டு என்பதால் தொடை. பி.சி.ஜி.யும் பொடிதான், ஆனால் அதற்கு உப்புநீர் ஆம்பூல், தட்டம்மைக்குச் சுத்த நீர். ஒன்றின் ஆம்பூலை இன்னொன்றுக்கு உடைக்கக் கூடாது.

போட்டு முடித்தபின் மூடியைத் திரும்ப மாட்டக் கூடாது, அப்போதுதான் கையில் குத்தும். ஹெபடைடிஸ் பி உள்ளவர் ரத்தம் பட்ட ஊசி, தடுப்பூசி போடாத செவிலியரைக் குத்தினால் நூற்றுக்கு முப்பது வரை தொற்றும் வாய்ப்பு. ஹெபடைடிஸ் சி-க்கு மூன்று, எச்.ஐ.வி.க்கு 0.3 என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. எனவே ஹப் கட்டரில் ஊசியை வெட்டணும், பிளாஸ்டிக் பகுதி சிவப்புப் பைக்குப் போகணும்.

இத்தனையும் மனித கவனத்தை நம்பி ஓடுகிறது. ஒரு தப்பு நடந்தால் கடைசியாகக் கை வைத்தவர் மேல் வழக்கு போடுவது சுலபம். ஆனால் தசைத் தளர்வு மருந்தைத் தடுப்பூசி ஃபிரிட்ஜில் வைத்தது யார்? டைல்யூயன்டைத் தனியாக அனுப்பும் வழக்கத்தை அனுமதித்தது யார்? கடைசிக் கையைச் சிறையில் போட்டால் இந்தக் கேள்விகள் கேட்கப்படாமலே போகும். அடுத்த ஆம்பூல் அதே தட்டில் காத்திருக்கும்.

செய்யக்கூடியவை இருக்கின்றன, செலவும் பெரிதில்லை. தடுப்பூசி ஃபிரிட்ஜில் தடுப்பூசியையும் அதன் டைல்யூயன்டையும் தவிர வேறு எதுவும் வைக்காமல் இருப்பது. பொடியையும் தண்ணீரையும் ஒரே கம்பெனி, ஒரே எண்ணிக்கை என்று ஜோடியாகவே அனுப்புவது. இவை உலக சுகாதார நிறுவனம் பல வருஷமாகச் சொல்லும் விதிகள்தான். சிரிஞ்சு போலவே மருந்துக்கும் ஒரு பூட்டு வரலாம்: தட்டம்மை-ரூபெல்லா மருந்தை மிக நுண்ணிய முட்கள் கொண்ட பட்டையில் வைத்துத் தோலில் ஒட்டும் முறையை காம்பியாவில் சோதித்து, 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். பலன் நன்றாக இருந்தது. அது வந்தால் கலக்கவே வேண்டாம். ஆனால் புழக்கத்துக்கு வரும்வரை புதன்கிழமைகள் நிற்காது.

அதுவரை நம்மால் முடிந்தது கொஞ்சம் உண்டு. அடுத்தமுறை குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால், எந்த மருந்து, எப்போ கலந்தீங்க என்று நர்சம்மாவிடம் மரியாதையாகக் கேளுங்கள். குப்பியில் நேரம் எழுதியிருக்கும், காட்டுவார். ஊசி போட்டதும் கிளம்பாமல் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள், ஒவ்வாமை வந்தால் அந்த நேரத்தில்தான் பெரும்பாலும் தெரியும். பக்கத்தில் யாராவது "திருவள்ளூர்ல நாலு குழந்தை..." என்று ஆரம்பித்தால், ஊசியே வேண்டாம் என்று எழுந்து போகாமல், அந்த ஆம்பூல் கதையை முழுசாகச் சொல்லுங்கள்.